கீழே ஒரு வரி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் கை கால் முழுசாக இருக்கிறேன். நீயும் அத்தானும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா, இல்லை இன்னும் மாடிப்படியைப் பார்த்தாலே திட்டுகிறாயா?

பேனா பிடித்து எத்தனை வருடம் ஆச்சு தெரியுமா? எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, சிரிக்காதே. தேர்தல் முடியும்வரை நெட்டும் போனும் கிடையாது என்று உங்கள் அரசாங்கம் அறிவித்ததைச் செய்தியில் பார்த்தேன். வாயை மூடினால் வயிற்றுவலி போய்விடும் என்று நினைக்கிற வைத்தியர்கள்! தபால் மட்டும் ஓடுகிறதாம். ஆக, உலகம் பூராவும் நெட் போகிற சர்வர் அறையில் வேலை பார்க்கிற நான், சொந்த அக்காவுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று அத்தான் ஒருமுறை கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் யார் எப்போது குளியலறைக்குப் போவது, யாரிடம் எந்த அலமாரிச் சாவி இருப்பது என்று சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற ஆள் என்றேன். "அப்போ உங்கக்காதான்"னு சொன்னார். சரியாகத்தான் சொன்னார். நல்ல சிஸ்டம் இருப்பதே தெரியக்கூடாது. அது முன்னால் வந்து "நான்தான், நான்தான்" என்று நின்றால் எங்கேயோ கோளாறு. அரசாங்கத்துக்கும் அதுவேதான் சோதனை.

கடையில் நான் மாட்டிக் கொடுத்த கண்காணிப்புக் கேமராப் பெட்டி, நடப்பதையெல்லாம் பதிவுசெய்யுமே, அது ஓடுகிறதா? "அணைக்காதே" என்று சிவப்பில் எழுதி ஒட்டினேனே, அந்தச் சீட்டு இருக்கிறதா? நான் விமானம் ஏறிய நாளிலிருந்து ஒருதரம்கூட அணையாமல் ஓடுகிறது என்று அத்தான் போனில் சொன்னபோது, இங்கே கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் வைத்திருக்கிற அந்த விண்டோஸ் என்கிற ஜன்னல் சிஸ்டம் இப்படி ஓடுமா? நான் போட்டது லினக்ஸ்டி அக்கா, லினக்ஸ்! படம் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைஞ்சிடாதா மச்சான் என்று அத்தான் கேட்டார். அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன், ஜென்மத்துக்கும் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம் என்றேன்.

பதில் போடு. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் போடுவாயே, அதே மாதிரி. நீ எழுதிமுடித்ததும் கீழே அத்தான் ஒரு வரி கிறுக்குவார். அந்த வரி இல்லாமல் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் தம்பி,
வால்வு

---

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் ஓரத்தில் யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். மழையில் நனைந்ததோ என்னவோ.

நானும் வாலுவும் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூடம் போகிறாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு என்ன அவசரம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்ந்த அறையில் வேலை என்கிறாய், காதை மூடிக்கொள்.

அத்தான் வெளியூர் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று சொல்ல முடியவில்லை. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெராக்ஸ் மெஷின் இப்போது என் பேச்சைக் கேட்கிறது. போட்டோ மட்டும் எடுக்க வரவில்லை, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டே விழுகிறார்கள்.

உன் பெட்டியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதில் எவ்வளவு பின்னால் போய்ப் பார்க்கலாம்? வாக்கு எண்ணினார்களே, அந்த நாள் மத்தியானம் கடையில் நடந்ததைப் பார்க்க முடியுமா? எப்படிப் பார்ப்பது? அத்தான் போனில்தான் பார்ப்பார். இப்போது போன் இல்லை. டிவியில் மாட்டினால் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மினுங்குகிறது, அவ்வளவுதான். டிவி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் சிஸ்டம்னே தெரியலை, தொட்டா ஏதாவது ஆயிடும்"னு கையைக் கட்டிக்கொண்டார்.

இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுது. வேறு கதையெல்லாம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா

---

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஜலதோஷம் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வாலு பரீட்சை எழுதினாளா? உனக்கு ஜெராக்ஸ் மெஷின் அடங்கிவிட்டது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அத்தானையே அடக்கியவளுக்கு மெஷின் எம்மாத்திரம்.

பெட்டியைப் பற்றி நீயாகக் கேட்டாய் பார், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை. இத்தனை வருடம் நான் சிஸ்டம் என்று வாயைத் திறந்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாயே! என்ன ஆச்சு, கல்லாவிலிருந்து எவனாவது பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானா? தாராளமாகப் பின்னால் போய்ப் பார்க்கலாம். என் பெட்டி எதையும் மறக்காது. நீ அணைக்காமல் மட்டும் இரு, எல்லாம் பத்திரமாக இருக்கும். எப்படிப் பார்ப்பது என்பதைப் படம் போட்டு அடுத்த கடிதத்தில் விளக்குகிறேன். மவுஸ் கிடையாது, எல்லாம் தட்டச்சில்தான். முதலில் பயமாக இருக்கும், அப்புறம் விடவே மாட்டாய்.

மெக்கானிக்குக்குத் தெரியாது என்பதில் ஆச்சரியமே இல்லை. நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மாவும் அப்படித்தான். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கம்ப்யூட்டர் அப்டேட் என்று தானாக அணைந்து எழுந்தது. நான் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

வாக்கு எண்ணிய மண்டபம் எரிந்ததாகச் செய்தியில் பார்த்தேன். இன்னும் நெட் வரவில்லை என்பதையும் பார்த்தேன். அக்கா, எங்கள் சிஸ்டத்தில் ரூட் என்று ஒருவன் உண்டு. எல்லா அதிகாரமும் அவனுக்குத்தான். எதை வேண்டுமானாலும் அழிப்பான், ஏன் என்று யாரும் கேட்க முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவன் எவனும் ரூட்டாக உட்கார்ந்து வேலை பார்க்க மாட்டான். தேவைப்படும்போது ஒரு நிமிடம் அவனைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவோம். உங்கள் ஆட்சிக்காரர்கள் ரூட்டாகவே தூங்கி ரூட்டாகவே எழுந்திருக்கிறார்கள். ரூட்டைத் தூக்கினால்தான் நாடு உருப்படும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

கீழே அத்தான் வரி இல்லை. வெளியூர் போனவர் திரும்பி வரும்வரை தபாலைப் பிடித்து வைத்திருக்கக் கூடாதா? பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறாய். காகிதம் என்ன சும்மாவா வருகிறது?

உன் தம்பி,
வால்வு

---

மே 14

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் தபால் பெட்டி வழியாக வரவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் வேலைக்காக எல்லை தாண்டிப் போகிறாள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்து எடுத்துப் போய், அங்கே ஸ்டாம்ப் ஒட்டிப் போடுவாள். அதனால் இன்றைக்கு மனசு விட்டு எழுதுகிறேன்.

அத்தான் வெளியூர் போகவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாக்கு எண்ணிய மண்டபத்துக்குத் தீ வைத்தவர்களில் அவரும் ஒருவராம். கடைக்குள் நுழைந்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த கையோடு இழுத்துப் போனார்கள். மெஷின் அதுபாட்டுக்கு மிச்சத் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

மண்டபம் எரிந்த அன்றைக்கு மத்தியானம் அவர் கடையை விட்டு நகரவே இல்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்குக் கேள்வித்தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த டீச்சரிடம் போய் நின்றேன். "எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க, என்னை இதுல இழுக்காதீங்க"ன்னு கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னார். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. ஆக, என்னை விட்டால் அவரை அங்கே பார்த்த ஒரே சாட்சி உன் பெட்டிதான்.

வக்கீலிடம் சொன்னேன். "படம் ஓடணும்மா. தகரப் பெட்டியைக் கொண்டுபோய் மேஜை மேல வச்சா நீதிபதி அதை என்ன செய்வார்?"னு கேட்டார். போலீஸ் கையில் கிடைத்தால் உடைத்துவிடுவார்கள், வாயே திறக்காதே என்றும் சொன்னார். அதனால்தான் உனக்கு வெளிப்படையாக எழுதவில்லை. நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

கரண்ட் பாதி நாள் இருப்பதில்லை. நீ அணைக்காதே என்றாய், நான் அணைக்கவில்லை. கரண்ட் போனால் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, பேட்டரியைப் பெட்டிக்கு மட்டும் விட்டுவைக்கிறேன். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் இருந்த பேட்டரியையும் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாலு வாசலில் உட்கார்ந்து படிக்கிறாள். கேமராவும் விடாமல் ஓடுகிறது.

இன்னொன்று. உன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். "ரூட் யார், எங்கே இருக்கான், அவனை யார் தூக்கப்போறாங்க?"ன்னு கேட்டுக் கேட்டு அத்தானை அடித்திருக்கிறார்கள். அது கம்ப்யூட்டரில் இருக்கிறவன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் அடி. இனிமேல் அரசியல் எழுதாதேடா. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

படத்தை எப்படி எடுப்பது, அதை மட்டும் எழுது. ஒவ்வொரு எழுத்தாக எழுது, அப்படியே தட்டுகிறேன்.

உன் அக்கா

---

மே 24

அக்கா,

உடம்பை விசாரிக்க இப்போது நேரமில்லை. மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடமே பெட்டியை அணை. சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கு. பேட்டரி ஒயரையும் பிடுங்கு. முறைப்படி அணைக்க வேண்டுமா, ஏதாவது தட்ட வேண்டுமா என்றெல்லாம் யோசிக்காதே. எதையும் தட்டாதே, பிடுங்கினால் போதும்.

நான் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போடு. போன கடிதத்தில் அணைக்காதே என்று சொன்னேனே, அதை மற. நான் சொன்னதை இத்தனை வருடத்தில் நீ எதையுமே கேட்டதில்லை. இதை மட்டும் ஏன் கேட்டாய்?

பிறகு டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வீட்டில் வை. மெக்கானிக் கழற்றித் தருவார், நாலு திருகுதான். லினக்ஸ் தெரிந்த ஆள் யாராவது தலைநகரில் இருப்பார்கள், வக்கீலை விசாரிக்கச் சொல். எந்த ஊர் சிஸ்டம் என்று கேட்காத ஆளாகப் பார்.

ஏன் என்று கேட்காதே. முதலில் அணை.

இதையே மூன்று பிரதி எழுதி, மூன்று தபால் நிலையங்களில் போடுகிறேன்.

வால்வு

---

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, வாலு, சிறையில் அத்தான், மூன்று பேரும் இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இந்த வரியை எழுதுகிறேன். பதிலுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை.

தூதரகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், போன் இணைப்பு சீரானதும் பேசிக்கொள்ளலாமே என்றார். விமானம் இல்லை என்றார்கள். எல்லை வரை பஸ்ஸில் வந்து நடக்கிறேன் என்றேன். பாஸ்போர்ட்டில் வேலை அனுமதி காலாவதி ஆகிறது, வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றார்கள். வராவிட்டால் போகிறது. ஆனால் அந்த எல்லையில் உள்ளே விடவும் மாட்டார்களாம். நர்ஸ் போன்றவர்கள் வெளியே வரலாம், யாரும் உள்ளே போக முடியாது. மே கடிதத்தின் பிரதி ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று தபால் நிலைய வாசலில் நின்று வருகிற போகிறவர்களையெல்லாம் கேட்டேன். காவலாளி வந்து என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஏன் அணைக்கச் சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். மறைத்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். டிஸ்க் நிறைந்துவிடுமே என்று அத்தான் கேட்டார் அல்லவா? நிறையும்போது ஆகப் பழைய படத்தை அழித்துப் புதுப் படத்துக்கு இடம் பண்ணும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்தேன். ஏறக்குறைய மூன்று மாதப் படம்தான் இருக்கும், அதற்கு முன்னால் உள்ளது போய்விடும். அது அழிக்கும் என்பதையே மறந்துவிட்டேன். நன்றாக ஓடுகிற எதுவும் ஞாபகத்தில் இருப்பதில்லை. நீ பேட்டரி சுமந்து அந்தப் பெட்டியை உயிரோடு வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும், அது அத்தானின் ஒரு நாளைத் தின்றுகொண்டிருக்கிறது. கரண்ட் போகும்போது சும்மா விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

ரூட்டைப் பற்றி எவ்வளவு பேசினேன். அந்தப் புரோகிராமை ரூட் அதிகாரத்தில்தான் ஓடவிட்டேன், அக்கா.

இன்னும் சில நாள் இருக்கிறது. அந்த மத்தியானம் இந்த நிமிடம் வரை அதில் இருக்கத்தான் வேண்டும். என் மே மாதக் கடிதம் உன் கையில் கிடைத்திருக்கட்டும். நான் கடவுளிடம் எதையும் கேட்டதில்லை என்று உனக்கே தெரியும். இப்போது கேட்கிறேன்.

உன் தம்பி

---

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? நர்ஸ் அந்தக் கடிதத்தைப் போட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்கிறேன். "வந்தா நானே ஓடி வந்து குடுக்கறேம்மா, இப்படி வெயில்ல நிக்காதீங்க"ன்னு சொல்கிறார்.

விசாரணை அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தானைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். மெலிந்துவிட்டார். வலது கை விரல் இரண்டு நேராக நிற்கவில்லை. "படம் எடுத்தாச்சா?"ன்னு கேட்டார். இன்னும் இல்லை, ஆனால் பெட்டி பத்திரமாக ஓடுகிறது, ஒரு நிமிடம்கூட அணையவில்லை என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "உன் தம்பி செஞ்சதாச்சே"ன்னு சொன்னார்.

பேட்டரி ஒன்று செத்துவிட்டது. வளையலைக் கொடுத்து வேறு வாங்கினேன், அதை நினைத்து நீ வருத்தப்படாதே. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின் பச்சை விளக்கைத்தான் பார்க்கிறேன். அது எரிந்தால் அவர் இருக்கிறார் என்று எனக்கு ஒரு கணக்கு. கோபம் வந்தால் அதைத் திட்டுகிறேன், அழுகை வந்தால் அதன் எதிரில்தான். வாலு என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

எழுது தம்பி. திட்டியாவது எழுது. நீ சிஸ்டம் புராணம் பாடினால்கூட உட்கார்ந்து கேட்பேன்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். கை பழகிப்போச்சு.

உன் அக்கா

---

ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இரு, ஜலதோஷத்தைக் கவனி.

உன் மே மாதக் கடிதம் இந்த மாதத் தொடக்கத்தில்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. படித்த நிமிடமே பிடுங்கிவிட்டேன். வக்கீல் மூலமாகத் தலைநகரில் லினக்ஸ் தெரிந்த பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்து டிஸ்க்கைக் காட்டினோம்.

நீ மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும். கரண்ட் ஒருநாள் தாறுமாறாகக் கூடி வந்திருக்கிறது, டிஸ்க் கருகிவிட்டது. திறந்ததும் தீய்ந்த வாடை. அதில் ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். யார்மேலும் தப்பில்லை, நம் நேரம். நீ இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்காதே.

விசாரணையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கடை எப்போதும் போல ஓடுகிறது. நேற்றுக்கூடப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மெஷின் ஒரு மக்கரும் பண்ணவில்லை.

வாலு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 10

அக்கா,

உனக்கு எப்போதுமே பொய் சொல்ல வராது. கரண்ட் கூடி வந்தால் முதலில் புகைவது ஜெராக்ஸ் மெஷின்தான். அது ஒரு மக்கரும் பண்ணவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

ஜூனில் ஒரு கடிதம் போட்டேன். அது உனக்கு வரவில்லை போலிருக்கிறது. அதில் இருந்ததை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மட்டும் தெரிகிறது.

ஒன்றே ஒன்று சொல். டிஸ்க்கில் படம் எந்த நாளிலிருந்து இருக்கிறது?

வேலைக்குப் போவதில்லை. சர்வர்களின் பச்சை விளக்குகளைப் பார்க்க முடியவில்லை.

வால்வு

---

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு மேற்கொண்டு படி. வேலைக்கும் போ. நீ அங்கே படுத்துக் கிடந்தால் இங்கே நான் யாருக்கு எழுதுவேன்?

உன் ஜூன் மாதக் கடிதம் போன வாரம்தான் வந்தது, மூன்று இடத்தில் டேப்போடு. அதில் உள்ளதெல்லாம் தலைநகரில் அந்தப் பெண் முன்பே சொல்லிவிட்டாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் கருகிவிட்டது என்று எழுதினேன். ஜெராக்ஸ் மெஷின் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசிக்கவில்லை. நீ சின்ன வயதில் வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, தானாக உடைந்தது என்று நிற்பாயே, எனக்கு அந்தத் திறமைகூட இல்லை.

ஏப்ரல் தொடக்கத்திலிருந்துதான் படம் இருக்கிறது. அத்தானைக் கூட்டிப் போனதற்கு அப்புறம். கேட்டாய் என்று சொல்கிறேன்.

அந்தப் பெண் தட்டினாள், படம் வந்தது. வக்கீலும் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடை, கவுண்டர், காலண்டர், எல்லாம் அப்படியே இருந்தது. அவர் உட்காருகிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வேறு நாளைத் திறந்தாள், அதிலும் நான். இன்னொன்றைத் திறந்தாள், அதிலும் நான்தான். யாராவது தெருவில் போனால் எழுந்து நிற்கிறேன், ஆள் தாண்டிப் போனதும் உட்காருகிறேன். நாள் பூராவும் இதையே செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்கிறேன். துடைத்துவிட்டு அதனிடம் ஏதோ சொல்கிறேன். சத்தம் வராது, ஆனால் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அவரைப் பத்திரமா வச்சுக்கோ"ன்னு சொன்னேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் திரையை அணைத்துவிட்டு, யார் எழுதிய புரோகிராம் என்று கேட்டாள். என் தம்பி என்றேன். "ரொம்ப சுத்தமா எழுதியிருக்கார்"னு சொன்னாள். குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. ஏழு வருடம். வக்கீல் மேல்முறையீடு என்கிறார், அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. நான் நீதிமன்றத்தில் கத்தினேன். என் வீட்டுக்காரர் கடையிலதான் இருந்தார், நான்தான் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் குடுத்தேன் என்று கத்தினேன். மனைவி சொல்வது சாட்சி ஆகாது என்று வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு மட்டும்தான் உன்மேல் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாகவே வந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தள்ளிப்போட்டேன். போன வாரம் கம்பி வழியாகப் படத்தில் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பெட்டியைத் துடைத்ததைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நீ அவனுக்கு எழுதும்போது இங்க கொண்டு வா, கீழ எனக்கு இடம் விடு"ன்னு சொன்னார். நாளைக்கு இதை எடுத்துப் போகிறேன். வார்டர் பேனா கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு வரிக்குத்தான் அனுமதி. விரல் நேராக நிற்காததால் எழுத்து கோணலாக இருக்கும், தப்பாக நினைக்காதே.

உன் அக்கா

*மச்சான், என்னை அழிச்சிட்டு உங்கக்காவை வச்சிருக்கு உன் பெட்டி, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.*